மண் பூவுக்கு அடியில் மூன்று விரல்

6-5-2025, செவ்வாய்
முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது செங்கமலத்திடம் ஐந்து கிலோ களிமண் வாங்கினேன். சந்தையில் சட்டி பானை விற்பவள். முப்பத்து நான்கு வருடம் மைன்ஸில் மெஷின் ஓட்டியவன் களிமண்ணைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று தெரிந்தால் ஷிஃப்டே சிரிக்கும். மழைக்காலத்தில் மெஷினில் அப்பிக்கொண்டு உயிரை வாங்குகிற மண். அதன் வாடையே எனக்குக் குமட்டும்.

எல்லாம் இசைப்பிரியாவுக்காக. மகள் நந்தினியின் மூத்தவள், எட்டு வயது. போனில் சொன்னாள்: "தாத்தா, நெய்வேலி ஆயா போட்டோ வேணும். கடையில வாங்காத. நீயே மண்ணுல ஃப்ரேம் செஞ்சி குடு, எனக்கும் தம்பிக்கும்." பேத்தி என்னிடம் கேட்ட முதல் பொருள். 25-ஆம் தேதி என் வீட்டுக்காரி பட்டம்மாளுக்கு வருஷத் திதி. அன்று பிள்ளைகளோடு வருகிறேன் என்கிறாள் நந்தினி. அவள் வளவனைக் கட்டிக்கொண்டு போய் ஒன்பது வருடம். அந்தப் பிள்ளைகள் இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தது ஒரே நாள், தாயைப் பெற்றவளின் சாவுக்கு. இனி அவர்கள் வந்து போக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

9-5-2025, வெள்ளி
இருக்கிற போட்டோவில் எல்லாம் பட்டம்மாள் ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் நிற்கிறாள். பீரோவைக் குடைந்தேன். புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த பேப்பருக்கும் கீழே ஒரு போட்டோ. பேரன் சின்னவனுக்குக் காது குத்திய அன்று எடுத்தது. இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில். பக்கத்தில் ருக்குமணி, வளவனின் அம்மா, இவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

சேத்தியாத்தோப்பில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்பாளே — அதெல்லாம் மகள் இருக்கிற குள்ளஞ்சாவடிக்கா? எத்தனை தடவை? பஸ் ஏற்றிவிட்டதே நான்தானே.

ராத்திரி சாப்பிடவில்லை. ருக்குமணியின் மாமனார் எங்கள் கொல்லையில் கூலிக்கு நின்றவர். அந்த வீட்டுக் கை இவள் தோளில். பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. இருப்பதைத்தான் எழுதுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

10-5-2025
என்னோடு ஒரு நாளாவது இப்படிச் சிரித்தாயா பட்டம்மா?

13-5-2025, செவ்வாய்
ஃப்ரேம் செய்தேன். போட்டோவை வைத்து அளந்து, அது உட்காரப் பள்ளம் வெட்டினேன். ஓரமெல்லாம் சோழி பதித்தேன். செங்கமலம் அன்றே சொன்னாள்: "காஞ்சா சுருங்கிடுங்க. ஒரு வெரக்கடை கூடவே வுட்டு செய்ங்க." மைன்ஸ்காரனுக்கே மண்ணைப் பற்றிப் பாடம். நகத்துக்குள் போன சேறு சோப்புப் போட்டும் வரவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டேன்.

18-5-2025, ஞாயிறு
சுருங்கிவிட்டது. போட்டோ உட்காரவில்லை, ஒரு விரல் அகலம் அதிகம். ஓரத்தில் இருப்பவள் ருக்குமணி.

ஒரு விரல் வெட்டினால் போதும். அவள் முழுக்கப் போகிறவரை வெட்டினேன். பட்டம்மாள் தோளில் மட்டும் அவளுடைய மூன்று விரல் நின்றுவிட்டது. அதையும் வெட்டினால் தோள் போய்விடும். பெரிய மண் பூ ஒன்று செய்து, காலியான இடத்தையும் விரலையும் சேர்த்து மறைத்து ஒட்டிச் சிவப்பு அடித்தேன். வெட்டிய துண்டு குப்பை வண்டியில் போய்விட்டது. திருப்தியாகத்தான் இருந்தது.

25-5-2025, ஞாயிறு
வந்தார்கள். இலை போட்டுப் படைத்தோம். இசை ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு சோழியை ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்புறம் அந்தப் பூவை நகத்தால் நெண்டினாள். பெயர்ந்து விழுந்தது.

"இது எங்க வூட்டு ஆயா வெரலு. மோதிரம் பாரு. காது குத்துனப்ப எடுத்ததுதான இது? ஆயா எங்க தாத்தா?"

"மண்ணு சுருங்கிடுச்சும்மா."

"மண்ணு சுருங்குனா ஆயாவ வெட்டுவியா?"

நந்தினி வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. "அம்மா சாவுற வரைக்கும் உங்களுக்குப் பயந்துக்கினேதான் எங்க வூட்டுக்கு வந்துச்சி. எங்களுக்கு அந்தப் பயம் வேணாம்பா" என்று சொல்லிப் பிள்ளைகளை எழுப்பினாள். யாரும் சாப்பிடவில்லை. ஃப்ரேம் டிவி மேல் கிடக்கிறது.

26-5-2025
இன்னொன்று செய்ய ஒரு வாரம் இருந்தது. மண்ணும் மீதி இருந்தது. எனக்கு ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. ச்சீ.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஒருத்தி பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்த வீடு இது. நான் கட்டிக்காத்த வீடு. கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து ஷேவ் பண்ணப் பிடிக்கவில்லை. அப்படியே ஷிஃப்டுக்குப் போனேன்.

29-5-2025
நந்தினி போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

1-6-2025, ஞாயிறு
குள்ளஞ்சாவடி போனேன். மகள் வீடு எது என்று தெருவில் கேட்டுக் கேட்டுப் போகிற அப்பன். வெட்கக்கேடு.

ருக்குமணி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "காது குத்துனப்ப எடுத்த போட்டோ உங்ககிட்ட ஒண்ணு இருக்குமாங்க?" என்றேன். அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

"இருக்குது. இதையும் வெட்டுறதுக்கா?"

"தப்புங்க. நான் செஞ்சது தப்பு." அவள் அடுத்த துணியை உதறிப் போட்டாள்.

இசைதான் உள்ளே போய்ப் போட்டோவை எடுத்து வந்தாள். கை நீட்டினேன். பின்னால் மறைத்துக்கொண்டாள். "குடுக்க மாட்டேன். மண்ண எடுத்துக்கினு வந்து இங்கயே செய்யி."

8-6-2025, ஞாயிறு
மண்ணோடு போனேன். வாசலில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து பிசைந்தேன். நந்தினி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்னவன் மண்ணை உருட்டி என் முழங்காலில் வரிசையாக ஒட்டினான். ருக்குமணி ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். கை கழுவவா, குடிக்கவா என்று சொல்லவில்லை. குடித்தேன்.

இசை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அளவெடுக்கும்போதுகூடப் போட்டோவிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடக் காரணமும் இல்லை.

காய்ந்ததும் வர்ணம் அடிக்க அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டேன்.

"வா. அப்பவும் நாதான் போட்டோவ புடிச்சிக்கினு இருப்பேன்" என்றாள்.

சரிம்மா என்றேன்.