எஸ்த்ரேயா கடையில் இறைச்சி சாப்பிடலாமா

கடவுள் துணை
மாண்ட்ரியால், ஹெஷ்வான் 13, செவ்வாய்க்கிழமை

என் அன்பு ரைசலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மெக்ஸிகோ சிட்டியில் நீயும் மாப்பிள்ளை ஜகோபோவும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். குளிர் வந்துவிட்டது. கூடாரப் பண்டிகைக்குப் போட்ட குடிலை நேற்றுதான் பிரித்தேன், மூன்று வாரம் தாமதம், அம்மா தினமும் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தாள். உன் தம்பி ஆஷர் வேன் கதவில் விரலை நசுக்கிக்கொண்டான், நகம் போய்விட்டது, விரல் இருக்கிறது. மற்றபடி வேலை, வேலை.

மாப்பிள்ளைக்கு வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு இரண்டு வருட மாற்றல் என்று எழுதியிருந்தாய். அந்த ஊரில் நம் மதவிதிப்படி சமைக்கிற ஒரே கோஷர் சாப்பாட்டுக் கடை எஸ்த்ரேயா பெஹாருடையது, நீங்கள் அங்கே போன வருஷம்தானே அப்பா, அந்தக் கடை இறைச்சியை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். போன வருஷம் இல்லை, இரண்டு மாதம் முன்புதான், எலூல் மாதத்தில், மீன் கிடங்கின் குளிர்பதன எந்திரங்களைச் சரிசெய்ய இரண்டு வாரம் போயிருந்தேன். உன் கேள்வி ஒரு வரி, என் பதில் ஒரு வரியில் அடங்காது. போனில் சொல்லலாம், ஆனால் போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், கேட்டால் உன்னை அந்த ஊருக்கு அனுப்பமாட்டாள். அதனால் கடிதம். முழுவதும் படித்துவிட்டு முடிவுக்கு வா, பாதியில் ஜகோபோவிடம் ஓடாதே.

நான் வெளியூர் போனால் எப்படிப் போவேன் என்று உனக்குத் தெரியும். பெட்டியில் பாதி சூரை மீன் டின், மீதியில் கருவிகள், மேலே இரண்டு சட்டை. விமானத்தில் மற்றவர்களெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு இரண்டு சுற்று ஈயத்தாளில் கட்டிய நம் சாப்பாடு வரும், நடுவில் உறைந்தும் ஓரத்தில் கருகியும். அப்படி நாலு நாள் டின்னில் வாழ்ந்துவிட்டு, யாரோ அனுப்பிய பட்டியலில் ஒரு முகவரி கிடைத்து, அந்தத் தெருவைத் தேடிப் போய், கதவு நிலையில் அறைந்த நம் மெசூசாச் சிமிழ் தெரிந்ததும் வருகிற பசி இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. லிஸ்பனில் அப்படி ஒரு கடையில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே மீனைத் தின்றேன். எஸ்த்ரேயா கடை அதையும் தாண்டியது. நாலு மேசை, கூரையில் ஒரு காற்றாடி, ஆட்டுக்கறியோடு வெண்டைக்காய், எலுமிச்சை பிழிந்த சோறு. அவளுக்கு அறுபது வயது இருக்கும், பெற்றோர் இஸ்தான்புல்லிலிருந்து வந்தவர்கள், அவர்கள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் என்னோடு பேசினாள். இரண்டாவது தட்டு கேட்டதும், "உங்க ஊர்ல பொண்டாட்டி சோறு போடறதில்லையா தம்பி" என்றாள். அம்மாவிடம் சொல்லாதே.

சாப்பிட்டு முடித்துவிட்டு, நான் எங்கேயும் செய்கிறபடி, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தேன். தேதி சரி, முத்திரை சரி. மேற்பார்வையாளர் பெயர் நிசிம் கத்தான். இறைச்சிக் குளிர்பெட்டியின் சாவி அவரிடம் மட்டும்தான், கடைக்காரியிடம் கிடையாது. அவர் வந்து திறந்து, அன்றைக்கு வேண்டிய இறைச்சியை எடுத்து மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்து, அதற்கு இரண்டு முத்திரைத் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். ஆளைப் பார்க்கலாமா என்றேன். விடியுமுன் வந்துவிட்டுப் போய்விடுவார், ஏழு மணிக்கு நான் வரும்போது பாத்திரம் தயாராக இருக்கும் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் குளிர்பெட்டியின் சத்தத்தைத்தான் கேட்டேன். கம்ப்ரஸரின் அடி ரப்பர் தேய்ந்து தடதடத்தது. ரப்பரை மாற்றிவிட்டு, உள்ளே குளிர் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க ஒரு பதிவுக்கருவி வைக்க நினைத்தேன். சாவி இல்லை. கதவுக்கு வெளியே திறப்பதைக் குறிக்கும் ஸ்விட்சைப் பொருத்திவிட்டு, வெப்பமானியைப் பெட்டியின் மேலே வைத்து, தயவுசெய்து உள்ளே நடுத்தட்டில் வைக்கவும் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வெப்பமானி உள்ளே போயிருந்தது. சீட்டின் பின்பக்கம் சின்ன, நேரான எழுத்தில், நடுத்தட்டு நிரம்பியிருந்தது, மேல்தட்டில் வைத்தேன், நிசிம், என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போனது. வளவள இல்லை.

பிறகு பதிவுக்கருவி என் போனுக்கு அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். தினமும் காலை ஐந்து பன்னிரண்டுக்குக் கதவு திறக்கிறது, ஐந்து பத்தொன்பதுக்கு மூடுகிறது. ஏழு நிமிடம். செப்டம்பர் மாத வெராக்ரூஸில் ஒரு குளிர்பெட்டியை ஏழு நிமிடம் திறந்து வைத்தால் உள்ளே குறைந்தது நாலு டிகிரி ஏறும். நான் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன், ஏறாமல் இருக்கவே முடியாது. இங்கே ஏறவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த ஏழு நிமிடத்தில் அரை டிகிரி இறங்கியது. கருவி பழுது என்று வேறொன்றை அதேபோல் சீட்டோடு வைத்தேன், அதுவும் அதையே காட்டியது. வெள்ளிக்கிழமை நாலரைக்கே திறந்தது, அன்று கடை சீக்கிரம் மூடுவதால். சனிக்கிழமை திறக்கவே இல்லை. கோடு நாள் முழுவதும் அசையாமல் கிடந்தது. அந்த அசையாத கோட்டைப் பார்த்தபோதுதான் ரைசல், நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். பழுதான கருவி சனிக்கிழமை சபத் ஓய்வை அனுசரிக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. மெக்ஸிகோ சிட்டியில் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த குமாஸ்தா, "நிசிமா? அவர் வாராவாரம் அனுப்பற தாள் மாதிரி சுத்தமா வேற யாரும் அனுப்பறதில்லைங்க, அத காட்டித்தான் மத்தவங்கள திட்டுறோம்" என்றான். அவரோடு பேசவேண்டும் என்றதும் பியூப்லாவில் இருக்கும் அவர் தங்கை வீட்டு எண்ணைக் கொடுத்தான். தங்கை எடுத்தாள். அண்ணனை ஷவுவோத் பண்டிகைக்கு முந்தின வாரம் அடக்கம் செய்தோம் என்றாள், இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ, அவ்வளவு சாதாரணமாக. பிறகு, "வெராக்ரூஸ்ல இருந்தா பேசறீங்க? காய்ச்சல்லகூட, நான் போகலன்னா அந்தம்மா கடைய மூடணுமேன்னு பொலம்பிட்டே இருந்தான். அந்தச் சாவிய வீடு பூரா தேடிட்டோம், கெடைக்கல" என்றாள். அவர் இறந்து அப்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டு நான் அன்று மதியம் சாப்பிட்டதை எண்ணிப் பார்த்தேன்.

நேரே எஸ்த்ரேயாவிடம் போய், தினமும் பாத்திரத்தை வைப்பது யார் என்று கேட்டேன். உனக்கு என் சுபாவம் தெரியும், சுற்றிவளைக்க வராது. அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "நான் யாரையும் கேக்கல தம்பி. கேட்டா யாராச்சும் பதில் சொல்லிடுவாங்க, சொல்லிட்டா நான் கடைய மூடணும். பாத்திரம் இருக்கு, ரெண்டு முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. இதுல எது பொய்?" என்றாள். பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரைகள் உண்மையிலேயே குறையில்லாதவை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது, ஒரு ஆள் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். ஆள் என்றால் யார் என்று எந்தப் புத்தகமும் விளக்கவில்லை, விளக்கவேண்டிய தேவை யாருக்கும் வந்திருக்காது. "உனக்கு பிரிட்ஜ் ரிப்பேர் பண்ணத்தான தெரியும், அத மட்டும் பாரு" என்றும் சொன்னாள். அதைக் கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற செவ்வாய்க்கிழமை, பின்கதவுச் சாவியை அவளிடமிருந்து கெஞ்சி வாங்கிக்கொண்டு, காலை நாலேமுக்காலுக்கே போய்க் குளிர்பெட்டிக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். விளக்கைப் போட்டே வைத்திருந்தேன். ஐந்து பன்னிரண்டு ஆனது. பெட்டியின் ஓட்டம் நின்றது, அது சாதாரணமாக நிற்கிற நிறுத்தம்தான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அறைக்குள் யாரோ வந்து, நான் இருப்பதைப் பார்த்து, தொந்தரவு செய்யவேண்டாம் என்று வாசலிலேயே நின்றுவிட்டது போல இருந்தது. பயம் இல்லை. வெட்கம். ஒருவர் வேலை செய்வதை நம்பாமல் எட்டிப் பார்த்தவனுக்கு வருகிற வெட்கம். ஏழு மணிக்கு எஸ்த்ரேயா வந்தாள். வெறும் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்கயேவா உக்காந்திருந்த" என்றாள். ஆமாம் என்றேன். "காவலுக்கு ஒருத்தர் உக்காந்துட்டா இன்னொருத்தர் எதுக்கு வரப்போறாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ரத்தப்பொட்டு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் முட்டையும் தக்காளியும்தான். கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒருவர், ஒரு மாதமாக இந்தக் கறியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு விமான நிலையத்துக்குப் போனேன்.

புதன்கிழமை காலை நம் வீட்டில், தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டுகிற என் தெஃபிலின் பையைத் திறந்தேன். அந்தப் பையை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தோல் வார்களுக்கு நடுவில் ஒரு பித்தளைச் சாவி இருந்தது. தொட்டால் குளிர்ந்தது, இப்போதும் குளிர்ந்தே இருக்கிறது, அளந்தும் பார்த்தேன், அளவை எழுதினால் நீ நம்பமாட்டாய். பதிவுக்கருவி வெராக்ரூஸிலிருந்து எனக்கு இன்னும் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. எட்டு வாரமாக அந்தக் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. எஸ்த்ரேயா மீனும் முட்டையும் மட்டும் போடுகிறாள், பாதி நாள் மேசைகள் காலி என்று எழுதினாள், சாவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கடையில் இறைச்சியை நின்றுபோக வைத்தவன் நான்தான், அந்தச் சாவியை எட்டு வாரம் பைக்குள் வைத்துக்கொண்டு தினமும் தொழுதிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு பொறுக்காமல், போன வியாழக்கிழமை அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டு, நிசிம் இறந்துவிட்டார், சாவி என்னிடம் இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். குமாஸ்தா கோப்பைப் புரட்டினான். பிறகு, "ரெண்டு மாசமா தாளே வரல, ஒடம்பு சரியில்லபோலன்னு நெனச்சோம். நேத்துதான் ஒண்ணு வந்துச்சு, ஆள் மாத்தறதுக்கான தாள்" என்று சொல்லிப் படித்துக் காட்டினான். இனிமேல் சாவி வைத்திருப்பவர் என்ற இடத்தில், ஜகோபோவின் மனைவி ரைசல், எஃப்ரயிமின் மகள், என்று எழுதி நிசிம் கத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன் பெயரை நான் அந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. தபால் முத்திரையின் தேதியைக் கேட்டேன். செப்டம்பர் 29. மாப்பிள்ளைக்கு மாற்றல் என்று அவருடைய முதலாளிக்கே தெரியவந்தது அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தானே.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் கிடைக்கும் வரை காத்திருக்கச் சொல்லவும் மாட்டேன், அங்கே ஒரு பெண்பிள்ளை வெறும் மேசைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: அந்தக் கடையில் இறைச்சி சாப்பிடலாம், உயிரோடு இருக்கிற ஒருவர் விடியுமுன் போய் அந்தப் பெட்டியைத் திறந்தால். அலுவலகத்தில் உன்னை எடுத்துக்கொள்ளத் தயார், பெண்கள் இந்த வேலை செய்வது அங்கே புதிது இல்லையாம். வேண்டாம் என்றால் சாவியை அவர்களிடம் கொடுத்துவிடு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சாவி இந்த உறைக்குள் துணியில் சுற்றி இருக்கிறது. பயந்துகொண்டு சரி என்று சொல்லாதே, என்னைத் திருப்திப்படுத்தவும் சொல்லாதே.

சாராளையும் ரெபெக்காளையும் ராகேலையும் லேயாளையும் போல உன்னைக் கடவுள் ஆக்கட்டும், உன்னைக் காக்கட்டும், தம் முகத்தை உன் பக்கம் திருப்பட்டும். அம்மா தனியாக எழுதுவாள், அவளுக்குப் பதில் போடும்போது இதைப் பற்றி மூச்சு விடாதே. ஒரே ஒரு நினைவூட்டல்: ஏற்றுக்கொண்டால் ஒருநாளும் தாமதமாகப் போகாதே. நீ போகாவிட்டால் நிசிம் மறுபடி வரவேண்டியிருக்கும், அவர் ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு, உன் பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா எஃப்ரயிம்