விரல் காட்டிய பக்கம்

செவ்வாய், ஆகஸ்ட் 12

தூக்கம் வரவில்லை. வலது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

காலையில் ஷூ கம்பெனி கேட்டுக்கு நாய் பிடிக்கும் வண்டி வந்தது. வியாழக்கிழமை ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறாராம்; அதற்குள் கேட்டில் நாய் இருக்கக்கூடாதாம். மற்ற நாய்கள் ஓடிவிட்டன. நான் இரண்டு வருஷமாகச் சோறு வைக்கும் செவலை மட்டும் அங்கே நின்ற சரக்கு லாரிக்கு அடியில் பதுங்கிக்கொண்டது.

வலை வைத்திருந்தவர் என்னிடம் வந்தார். "யக்கா, நீங்க கூப்ட்டா வரும். அடிபடாம ஏத்திடலாம்."

அந்த 'அடிபடாம'வில் விழுந்துவிட்டேன். தினமும் தட்டு இருக்கும் இடத்தைக் காட்டுவதுபோல வண்டிக் கூண்டுக்குள் விரலை நீட்டினேன். செவலை வாலாட்டிக்கொண்டே ஏறியது.

"திருப்பி இங்கயே கொண்டாந்து உடுவீங்களா?"

"பாக்கலாங்க்கா."

தோலில் குறை தேடி அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. இன்று ஒரு குறையும் கண்ணில் படவில்லை. பக்கத்து டேபிள் ஷபானா விலங்கியல் படித்தவள். ஆறுதலாம் அது: "இன்னாத்துக்கு பேஜாராவுற? அது உன் தப்பு இல்லடி. ஓநாய்க் குட்டிய கையிலயே வளத்தாலும் விரல் காட்டுன பக்கம் சுலபத்துல பாக்காது. நாய்க்குட்டிக்கு யாரும் சொல்லித் தரவேணாம், தானா பாக்கும். ஆயிரமாயிரம் வருசமா நம்ம கூடவே இருந்து வந்த பழக்கம்."

வாயை மூடு என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

காலையில் வண்டி கிளம்பும்போது மற்ற நாய்கள் இருந்தால் குரைத்திருக்கும். செவலை குரைக்கவில்லை. கம்பி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து எங்கே போகவேண்டும் என்று காட்டுவேன் என.