பிரேக் இல்லாத சைக்கிள்

ஜூன் 29, சனி

ஆரல்வாய்மொழிக் காற்று தொடங்கிவிட்டது. மருமகள் சுஜி விடியுமுன் அஞ்சுகிராமம் ரோட்டில் சைக்கிள் ஓட்டப் போய், முகமெல்லாம் மண்ணாகத் திரும்பினாள். "காத்து என்னைத் தூக்கி வயல்ல போடப் பாத்துது மாமி" என்று சிரித்தாள். வாரமெல்லாம் திருவனந்தபுரத்தில் வேலையும் பயிற்சியும். சனி, ஞாயிறு இங்கே. வந்தாலும் ஓய்வு உண்டா? கஞ்சி குடித்த கையோடு முன்னறையில் உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்கிறாள். மாவு மில் சத்தம். தேசியப் போட்டியில் வட்டமான டிராக்கில் இரண்டு தங்கம், ரோட்டில் ஒன்று. அவள் ஏன் மிதிக்கிறாள் என்று நான் கேட்கக்கூடாதுதான்.

ஜூன் 30, ஞாயிறு

டிராக் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரேக்கே இல்லை. ஏன் என்றேன். "ஒருத்தி சட்டுன்னு பிடிச்சா, பின்னால வாறவ இடிச்சு விழுவா மாமி. கால் மெதுவானா வண்டியும் மெதுவாவும்." அறிவியல் பாடம் நடத்திய காலத்தில் தெரிந்திருந்தால் எத்தனை நல்ல உதாரணம்!

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வாற ஆசியப் போட்டிதான் கடைசி. அதுக்குப் பிறகு பிள்ளை. ரெனிஷுக்கும் சம்மதம். கோச்சுக்குத் தெரிஞ்சா எனக்க இடத்தைச் சின்னப் பிள்ளை ஆருக்காவது குடுத்திருவாரு. யாரிட்டயும் சொல்லாண்டாம்."

"நான் யாரிட்ட மக்கா சொல்லப்போறேன்?"

கல்யாணமாகி நான்கு வருடம். மகன் ரெனிஷ் தோஹாவில், இவள் சைக்கிளில். நான் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலே கிடைத்துவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். கிரேசி வழக்கம்போல ஆரம்பித்தாள். "டீச்சர், மருமொவளுக்கு விசேஷம் உண்டா? இல்ல, சைக்கிளைத்தான் தொட்டில்ல போடப்போறாளா?" எல்லாரும் சிரித்தார்கள். எத்தனை வருடக் கேலி!

"இந்தப் போட்டிதான் அவளுக்குக் கடைசி. பிறகு பிள்ளைதான். எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. கிரேசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு நிறைந்திருந்தது. ஜெபத்துக்காகச் சொன்னது வெளியே போகாது. அப்படித்தானே?

ஜூலை 7, ஞாயிறு

ஆலயத்தில் ஜெபக் குறிப்புகள் வாசித்தார்கள். ஆபரேஷனுக்குப் போகிற ஞானையன், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன், அடுத்து— "நம் சபையைச் சேர்ந்த சகோதரி சுஜி, தன் கடைசிப் போட்டியை ஜெயமாய் முடித்து, கர்ப்பத்தின் கனியைப் பெற்றுக்கொள்ள."

வாசலில் கூம்பு ஒலிபெருக்கி. ஆராதனை செல்போனில் நேரலையாகவும் போகிறது. கிரேசி நல்ல மனதோடுதான் குறிப்பு கொடுத்திருப்பாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் சுஜி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வரும் வழியில் ஒரே கேள்வி. "நீங்க சொன்னியளா?"

"ஜெபத்துக்குத்தான் மக்கா..."

பிறகு எனக்கு முன்னே வேகமாக நடந்துபோய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஜூலை 8

ஏன் சொன்னேன்? அந்த நாலு பேருக்க வாயை அடைக்கவா? ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியல்லியே எனக்கு.

ஜூலை 19, வெள்ளி

ரெனிஷ் பேசினான். "அம்மா, ஆசியப் போட்டி கேம்ப்ல சுஜி பேரு இல்ல. ஆரோ அந்த வீடியோவ கோச்சுக்கு அனுப்பியிருக்காவ. 'நீயே நிறுத்தப் போற, வளருற பிள்ளைக்கு அந்த இடம் போட்டும்'னு சொல்லியிட்டாராம்."

"நான் போய் அவரிட்ட பேசட்டா மக்கா?"

"வேண்டாம்மா. இனி நீங்க ஒண்ணும் பேசாண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

பிரேக் இல்லாவிட்டாலும் அந்தச் சைக்கிளைக் காலால் மெதுவாக்கலாம். என் வாயை? வகுப்பில் பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், யோசித்துவிட்டுப் பதில் சொல் என்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சுஜி வேன் கொண்டுவந்து உருளைகளை எடுத்துப்போனாள். இனி சனி, ஞாயிறும் திருவனந்தபுரத்தில்தான். "டிராக் முடிஞ்சு. இனி ரோடுதான். அங்க ஆரு முதல்ல வாறாளோ அவளைத்தான் எடுப்பாவ. ஆரு என்ன சொன்னாலும் காரியமில்ல" என்றாள். சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போ பிள்ளை? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதைக் கேட்கிற தகுதி எனக்குப் போய்விட்டது.

கஞ்சியை மரியாதைக்குக் குடித்தாள். வந்ததிலிருந்து போகும்வரை என்னை மாமி என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. உருளைகள் கிடந்த தரையில் கறுப்பாக ரப்பர் தடம். துடைத்தேன். போகவில்லை. பிறகு துடைக்கவும் மனமில்லை.

அக்டோபர் 22

ஆசியப் போட்டி இன்று தொடங்கியது. அவள் இல்லாமல்.

ஜனவரி 11, சனி

பல் துலக்கும்போது செல்போனில் செய்தி.

"மாமி, நாளைக்கு செலக்ஷன் ரேஸ். ரோடு. இதுல முதல்ல வந்தா அடுத்த ஆசியப் போட்டிக்குப் போவலாம். யாரிட்டயும் சொல்லாண்டாம்."

முதல் சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன். எந்த ஊர், எத்தனை மணி என்றும் எழுதியிருந்தாள். அதை இங்கேகூட எழுதப்போவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனையில் குறிப்புகள் கேட்கும் நேரம் கிரேசி என் பக்கம் சாய்ந்தாள். "சுஜிக்கு வேண்டி என்னமாவது சொல்லணுமா டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல கிரேசி. சுகமா இருக்கா."

கண்களை மூடிக்கொண்டேன். அந்நேரம் அவள் மிதித்துக்கொண்டிருந்தாள்.