கழுத்து வெட்டிய துண்டுகள்

14 ஜூன் 2025, சனி

காலையில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ், குவில்ட் வகுப்பு, துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது. வாரம் முழுக்க கிள்ளான் கடையில் ஊராருக்கு பிளவுஸ் தைக்கிறேன். சனிக்கிழமைதான் எனக்கென்று தைக்கிற நாள். அங்கேயும் விடுகிறார்களா? ஒருத்தி, கை லூசாக இருக்கிறது என்று பிளவுஸை நீட்டினாள்.

ஆகஸ்ட்டில் வகுப்புக் கண்காட்சி. சொல்லிக்கொடுக்கிற டீச்சர் சுமையா என்னைவிடச் சின்னவள், புருஷன் வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்தவள். "தாமரை அக்கா, எப்பப் பார்த்தாலும் கட்டம் கட்டமாவே தைக்கிறீங்க. இந்தத் தடவை கட்டம் கொண்டுவந்தா சுவர்ல மாட்ட மாட்டேன். வளைவு தைங்க. துணியும் கடையில வாங்கக் கூடாது" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் கட்டத்துக்கு என்ன குறைச்சல்? முனையோடு முனை சேரும்.

18 ஜூன்

வளைவு தைத்தேன். துணி கிண்ணம் மாதிரி குழிந்து நிற்கிறது.

22 ஜூன்

மறுபடியும் கிண்ணம். பிரித்துப் பார்த்தால் கூத்து — உள்ளே ஒரு இன்ச் துணி விட்டு வெட்டியிருக்கிறேன். பிளவுஸுக்கு அப்படித்தான் விடுவோம். தீபாவளிக்குத் தைத்தவள் பொங்கலுக்குள் ஒரு சுற்றுப் பெருத்தால் பிரித்துவிட வேண்டுமே. குவில்ட்டுக்குக் கால் இன்ச் போதும், அது எங்கே பெருக்கப்போகிறது? கட்டம் என்றால் ரூலர் வைத்து வெட்டுவேன், தப்பாது. வளைவு என்றதும் கத்தரிக்கோல் பழைய வழிக்கே போய்விட்டது.

வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "போர்வைக்கும் அளவு எடுத்தியா? இடுப்பு எவ்ளோ?" என்றார். கோபமாக இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன்.

2 ஜூலை

கடையில் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கைக்குழி உள்ளே வளையும், கை வெளியே வளையும். விரலால் தளர்த்தித் தளர்த்தி ஓட்டினால் தானாகப் படிந்துவிடும். மிஷினை நிறுத்திவிட்டேன். அடி தாமரை, இத்தனை வருஷமா வளைவுதானே தைச்சுக்கிட்டு இருக்க. இதுக்காடி பயந்த?

காலடியில் வெட்டுத் துணி மூட்டை, தலையணைக்கு அடைக்கலாம் என்று சேர்த்தது. அதிலிருந்து கழுத்து வெட்டும்போது விழுந்த துண்டுகளை மட்டும் பொறுக்கினேன். மடித்து வெட்டுவதால் விரித்தால் முழுசாக வருகிறது. வட்டக் கழுத்து அரை நிலா, பானைக் கழுத்து பானையே. மேசையில் பரப்பினேன். பட்டும் பருத்தியுமாக எல்லாமே வளைவு. இனி யார் பாட்டர்னும் எனக்கு வேண்டாம்.

9 ஜூலை

பட்டு வழுக்குகிறது. அடியில் லைனிங் வைத்து ஓட்டினேன், அடங்கிவிட்டது.

20 ஜூலை

பாதிக்கு மேல் ஆகிவிட்டது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இவ்வளவு நல்லதாக நான் எதுவும் தைத்ததில்லை, அதை எழுதிவைப்பதில் என்ன வெட்கம்.

ஆனால் ஓரத்தில் இருக்கிற மாம்பழ மஞ்சள், ஊதாப் புட்டா — அது பஞ்சவர்ணம் அக்கா மகளின் கல்யாணப் பட்டு. அந்த அக்கா துணியைக் கொடுக்கும்போதே சாண் போட்டு அளப்பவர். பிளவுஸை வாங்கும்போது முதல் கேள்வி, "மிச்சத் துணி எங்க?" அன்றைக்கும் கேட்டார். "ஒண்ணும் மிச்சம் இல்லக்கா" என்றேன். எந்தத் தையற்காரி வேறு மாதிரி சொல்வாள்?

இப்போது மிச்சம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரில் தொங்கவிடப் போகிறேன். கிள்ளான் பெண்கள் பார்த்தால்? துணி திருடி என்று பெயர் வந்தால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

2 ஆகஸ்ட், சனி

முடித்ததை வகுப்பில் விரித்தேன், சுமையா ஒவ்வொரு வளைவாக விரலால் தடவிப் பார்த்தாள். "எந்தப் பாட்டர்ன் அக்கா இது?"

"என்னோடது."

அதைச் சொல்லும்போது நெஞ்சு நிறைந்துபோனது. கூடவே, மாட்ட வேண்டாம் என்றும் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். "அந்த மஞ்சளை மட்டும் எடுத்துடுங்களேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். ரெண்டு தையல் பிரித்தேன். மனசு கேட்கவில்லை, மறுபடி தைத்துவிட்டேன். அது இல்லாமல் அந்த ஓரமே செத்துப்போகும். மாட்டட்டும். வருவது வரட்டும்.

23 ஆகஸ்ட், சனி

கண்காட்சி. என்னுடையது வாசலுக்கு நேரே. கட்டம் ஒன்றுகூட இல்லை.

மத்தியானம் பஞ்சவர்ணம் அக்கா வந்தார். யார் சொன்னார்களோ. நேராகப் போய் மஞ்சளில் விரல் வைத்தார். "ஏய் தாமரை, இது என் மக பட்டுல்ல? மிச்சமே இல்லன்ன?"

"கழுத்து வெட்டினதுக்கா. உள்ளங்கை அளவுதான்."

அக்கா போனை எடுத்து டெங்கிலில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போட்டார். "பாரு, ஒன் பிளவுஸ சுவத்துல மாட்டி வச்சிருக்கா." மகள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. போனைப் பிடித்தபடியே கிளம்பிப் போய்விட்டார்.

நாள் முழுக்க எத்தனையோ பேர் பாராட்டினார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

30 ஆகஸ்ட்

இந்த வாரம் பஞ்சவர்ணம் அக்கா கடைப் பக்கமே வரவில்லை.

9 செப்டம்பர்

தீபாவளித் துணி வர ஆரம்பித்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் பஞ்சவர்ணம் அக்கா, கூட ரெண்டு பெண்கள். அவ்வளவுதான், பஞ்சாயத்து என்று நினைத்தேன். பையிலிருந்து கிளிப்பச்சைப் பட்டை எடுத்துப் போட்டார். சாண் போடவில்லை.

நானே முந்திக்கொண்டு, "மிச்சத்தை எல்லாம் பையில போட்டுத் தந்துடறேன்க்கா" என்றேன்.

"யாரு கேட்டா? நீயே வச்சுக்கோ." மற்ற ரெண்டு பேரும் அக்கா போனில் என் குவில்ட் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "என் மகளத் தூக்கி ஓரத்துல வச்சுட்ட. அடுத்ததுல என்னை நடுவுல வை. கழுத்த இன்னும் ரெண்டு விரல் எறக்கியே வெட்டு லா, துண்டு பெருசா வரும்."