கீறல் இல்லாத கார்

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உன் காரை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். கதவைக்கூடத் திறக்கவில்லை. நேராக முன்பக்கம் போய்த் தரையில் மண்டியிட்டு, பம்பருக்குக் கீழே உதடு மாதிரி நீண்டிருக்கும் கறுப்புப் பட்டையை, செல்போன் வெளிச்சத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவினார். "ஒரு கீறல்கூட இல்லையே சார், இந்த ரோட்டுல எப்படி வச்சிருந்தீங்க?" என்றார். அப்புறம் பேசலாம் என்று அவரை அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

தறியில் வந்த காசை நிலத்தில் போடு, வீட்டில் போடு என்று ஆளாளுக்குச் சொன்னபோது, நீ போய் அந்தப் பழைய ஜெர்மன் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக முன்னால் அந்த உதடு, இரண்டு பக்கமும் தரையைத் தொடுகிற மாதிரி பட்டைகள், பின்னால் சின்னதாக ஓர் இறக்கை. எல்லாம் கம்பெனியிலேயே பூட்டி அனுப்பியவை. "கடையில வாங்கி ஒட்டுனது இல்லலே" என்று சொல்லி, அடியில் அச்சடித்திருக்கும் நம்பரைக் காட்டுவதற்காக, பார்க்க வந்தவர்களையெல்லாம் தரையில் படுக்க வைத்தாய். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அதற்குப் பாவாடை கட்டின கார் என்று பெயர். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் கூட்டத்தில் யாராவது கால் வைத்துவிடுவார்கள் என்று ஷெட்டை விட்டே வெளியே எடுக்க மாட்டாய். காற்றைக் கிழிக்கிற வேகத்தில் நீ அதை ஓட்டி நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நம் பக்கத்து ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் ஒரு வரப்பு. நேராக ஏறினால் உதடு உரசும். அதனால் காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏறி இறங்கிய பிறகு அடுத்த சக்கரத்தை ஏற்ற வேண்டும். நான் இறங்கிக் குத்தவைத்து, இடைவெளி பார்த்துக் கை காட்ட வேண்டும். பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே திட்டுவார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆனாலும் சிநேகிதன் நீ கூப்பிட்டால் வந்து ஏறிக்கொள்வேன். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உன் முகம் தெளிந்துவிடும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடவில்லை. நெஞ்சு கரிக்கிறது, வாயுதான் என்று சொல்லி சோடா வாங்கிக் குடித்தாய். பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிட போனை எடுத்த என் கையைத் தட்டிவிட்டாய். நம் காரிலேயே போவோம் என்று முதல் தடவையாகச் சாவியை என்னிடம் நீட்டினாய். நானும் வாங்கிக்கொண்டேன், மடையன்.

போகிற வழியில் பனவடலிசத்திரத்தில் முதல் மேடு. பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்தாய். சட்டை முழுக்க வேர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு, "கோணலா ஏத்துலே" என்றாய். ஏற்றினேன். தேவர்குளத்தில் நீ சொல்லவில்லை, அப்போதும் அப்படியே ஏற்றினேன். ஓர் இடத்தில் கதவைத் திறந்து இறங்கிக் குனிந்துகூடப் பார்த்தேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மானூர் தாண்டிய பிறகு நீ பேசவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் உன் மனைவி அந்தச் சாவியை என்னிடமே கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வருகிறவர்களிடமெல்லாம், அண்ணாச்சி காரைப் பறந்து ஓட்டிக்கொண்டு போனார், அவரால் ஆனதைச் செய்தார் என்று சொல்கிறாள். இரண்டு வருடமாக நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

இன்று முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். மேட்டுக்கு மேடு நின்று நின்று போனதை, இறங்கிப் பார்த்ததை, எதையும் மறைக்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் கேட்டது வேறு.

"கோணலா ஏத்துன்னு அவியளே சொன்னாவளா அண்ணாச்சி?"

ஆமாம் என்றேன்.

"அப்ப வலி அவ்வளவுக்கு இல்ல, என்ன? வழி பூரா துடிச்சிருப்பாவன்னு நினைச்சு நினைச்சு ரெண்டு வருசமா எனக்குச் சோறு இறங்கல. எப்பவும் போலத்தான் சொன்னாவளா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பவும் போலத்தாம்மா" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாகப்போகும்போதுகூடக் கார்க் கிறுக்கு என்று உன்னைச் செல்லமாகத் திட்டினாள். காபி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன்.

மனதில் இருப்பதை இறக்கி வைக்கப் போனவன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பழையதையாவது என்றைக்காவது சொல்லிவிடலாம் என்று இருந்தது. இந்தப் பொய்யை அவளிடம் சொல்லவே முடியாது. இன்றைக்காவது அவள் வயிறாரச் சாப்பிடட்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த உன் முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.