பாதிச் சால்வை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் நீலச் சால்வையை வெட்டிவிட்டேன். கோபப்படாதே.

பாப்பாவை மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அழுகிற பிள்ளைக்கு வீட்டு வாசனையுள்ள துணி ஏதாவது கொடுத்துவிடச் சொன்னார் டீச்சர். நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். பாதியை அவள் பையில் வைத்தேன். மூன்று நாள் அதை முகத்தில் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். கடையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடதாகவே தைத்துவைத்தேன்.

நேற்று கூப்பிடப் போனால், துணி புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் இருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. பிடுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, உன்னிடம் மறைப்பானேன்.

"ஏம்மா அதைக் கொடுத்தே?"

"அவன் அழுறான்பா. நான்தான் இப்ப அழறதில்லையே."

"அது அம்மாவோடது."

"தெரியும்பா. எனக்குச் சரியாப் போச்சு. அவனுக்கும் சரியாப் போயிடும்."

ஷூவைத் தானே மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வலது இடது மாறியிருந்தது. குனியப் போனேன், டீச்சர் தடுத்துவிட்டார். "விடுங்க சார். தன்னால முடியும்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அவளைப் பத்திக் கவலையில்ல."

அவளைப் பற்றி என்றுதான் சொன்னார்.

வேறென்ன எழுத. நீ எப்போது வருவாய் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நானும் கேட்கப்போவதில்லை, அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

மீதிப் பாதி என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பாப்பாவின் அப்பா