தெலாவிச் சந்தையில் இரண்டு மணி நேரம்

அன்பு மகள் தெக்லேவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை சியாலா, மாடிப்படியை விட்டு நகராத அந்தப் பூனை, மூவரும் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஆனால் போன முறை போனில் இருமினாய், கேட்டதற்கு லைன் சரியில்லை என்றாய், லைன் இருமாது. மருந்து வாங்கிக் குடி. உன்னிடம் போனில் ஒன்றைக் கேட்டால் சரியாகக் கேட்கவில்லை அப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், காகிதத்தில் சிக்னல் போகாது. என்னோடு வேலை செய்கிற பெஜானின் மைத்துனன் நீ இருக்கிற போஸ்னானுக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன், பிரித்திருந்தால் எனக்குச் சொல்.

நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. மூன்று நண்பர்கள், நாலு நாள், திபிலீசியின் சொலொலாகியில் வாடகை வீடு, ஊருக்குள் இரண்டு நாள், மற்ற இரண்டு நாளும் காலையில் கிளம்பி இரவு திரும்புகிற மாதிரி வெளியூர், அதற்கு வேனும் வேன் ஓட்ட நானும். பிறந்த ஊருக்கே சுற்றுலா வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், பரவாயில்லை, நம் வீட்டில் நாலு பேர் படுக்க இடமில்லை என்பது நியாயம்தான். திட்டத்தில் உள்ள பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கந்தகக் குளியலை முடித்துவிட்டுக் கோட்டை ஏறுவதாகப் போட்டிருக்கிறாய், அந்த வெந்நீரில் ஊறியவன் கோட்டை ஏற மாட்டான், பெஞ்சைத் தேடித்தான் போவான், மாற்று. ரோப் காருக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய், அந்த ரோப் காரைப் பராமரிக்கிறவனின் மகள் நீ, வரிசையே அதைவிட நீளம் என்று உனக்குத் தெரியாதா. பெயர்ப் பட்டியலில் இரண்டு பெண்களுக்கு முழுப்பெயர் இருக்கிறது, மூன்றாவது ஆள் வெறும் கே. நோவாக். இது ஆணா பெண்ணா என்று நான் இப்போது கேட்கவில்லை. கேட்பேன்.

இப்போது மூன்றாம் நாளுக்கு வருகிறேன். காலையில் சிக்னாகி, மதில்மேல் நடை, சரி. மதியத்துக்கு மேல் தெலாவி, சந்தை பார்த்தல், இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். மலைமேல் இருக்கிற அத்தனை தேவாலயங்களுக்கும் அரைமணி கொடுத்தவள் வெங்காயமும் வெள்ளரிக்காயும் விற்கிற ஒரு தகரக் கொட்டகைக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறாய். என் வேலை உனக்குத் தெரியும், கம்பி வடம் வெளியே எண்ணெய் மின்ன நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு இழை அறுந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இந்த இரண்டு மணி நேரத்தைப் பார்த்ததுமே உள்ளே என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எந்திர அறையில் பெஜானிடம் காட்டினேன், அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மல்காஸ், சந்தைக்குள்ள ஒரு பையன் நிப்பான், எழுதி வெச்சுக்கோ. வெள்ளரிக்கா பாக்கறதுக்கு எந்தப் பொண்ணும் போலந்துலேர்ந்து வரமாட்டா” என்றான், நாற்பது வயதில் மாமனாராகப் போகிறாய், தொப்பையை உள்ளே இழு என்று அன்று முழுக்க வேலை செய்ய விடவில்லை. வீட்டுக்கு வந்து சியாலாவிடம், தெக்லே சந்தைக்குப் போகப் போகிறாளாம் என்று மட்டும் சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், இருபத்திரண்டு வயதுப் பெண் சந்தைக்குப் போவதற்கும் உன்னிடம் அனுமதி வாங்கணுமா என்று சண்டைக்கு வந்தாள். ஆனால் எந்தச் சந்தை என்று கேட்கவில்லை. மூன்றாம் மாடிக்காரன் குப்பையில் என்ன போடுகிறான் என்றுகூடக் கேட்கிறவள், எந்தச் சந்தை என்று கேட்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பையன் எவனும் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தெலாவியில் யார் இருக்கிறாள் என்று எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். உன் அம்மா நெஸ்தான் நம்மை விட்டுத் தெலாவிக்குப் போனபோது உனக்குப் பதினாலு வயது. அங்கே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள், நீ அவள் அனுப்பிய பெட்டிகளைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய், பிறகு போலந்து போய்விட்டாய். இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, அவ்வளவுதான். அதனால் நான் ஒன்றை யோசித்தேன், அதை மறைக்க மாட்டேன். நீ வருவது என்னைப் பார்க்கவா, இல்லை அவளைப் பார்க்க வருகிற வழியில் நான் வேன் ஓட்டுகிறேனா. நண்பர்கள், வாடகை வீடு, குளியல், மதில்மேல் நடை, எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்தைச் சுற்றிக் கட்டிய சுவரா. என்னையே வேனோடு சந்தை வாசலில் நிறுத்திவிட்டு, பின் வாசல் வழியாகப் போகிற திட்டமா. இதைப் படித்துவிட்டுக் கோபப்படு, ஆனால் பதில் எழுது.

யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். விடுமுறை நாளில் வேனை எடுத்துக்கொண்டு உன் திட்டப்படியே ஓட்டிப் பார்த்தேன், பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சியாலாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. தெலாவிச் சந்தையில் நின்று பார்த்தேன். அதற்கு ஒரு பின் வாசல் இருக்கிறது, அது நேராக அவள் தெருவில் போய் முட்டுகிறது. சரி என்று பாலாடைக்கட்டி வரிசைக்குப் போனேன், வந்ததற்கு ஏதாவது வாங்கிப் போகலாமே. லமாரா என்று ஒரு பருத்த பெண்மணி, ரப்பர் ஏப்ரன் கட்டியவள், பக்கத்து வாளியில் உப்புத் தண்ணீரில் ஒரு முழு வட்டு கிடந்தது, மற்றதைவிட நன்றாக இருந்தது, அதைக் கேட்டேன். அது விற்பதற்கில்லை, நெஸ்தானுக்கு எடுத்து வைத்தது என்றாள். நான் ஒன்றும் கேட்காமலே அவளே ஆரம்பித்துவிட்டாள், நெஸ்தானின் மகள் வெளிநாட்டிலிருந்து வருகிறாளாம், கசாப்புக்காரனிடம் ஆட்டுக்குட்டி சொல்லியாகிவிட்டதாம், கீரைக்காரியிடம் கீரை சொல்லியாகிவிட்டதாம், பல் டாக்டர் மேல்சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறாராம். மொத்தச் சந்தைக்கும் தெரிந்திருக்கிறது தெக்லே, வேன் ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியவில்லை. பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ரெண்டே மணி நேரமாம்ப்பா. எட்டு வருஷம் கழிச்சு வர்ற புள்ளைக்கு ரெண்டு மணி நேரம். மேஜை விரிப்பை உதறிப் போடவே பத்தாது. எந்த மடையன் போட்ட கணக்கோ.” எனக்குச் சுருக்கென்றது. “மடையன் போடல, என் பொண்ணு போட்டது” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கத்தியை ஏப்ரனில் துடைத்தாள். விற்பதற்கில்லை என்ற அந்த வட்டிலிருந்தே ஒரு துண்டு வெட்டி நீட்டி, “அப்ப நீயும் தின்னு பாரு. உன் பொண்ணுக்குப் பிடிக்குமான்னு உனக்குத்தான தெரியும்” என்றாள். உப்பு பத்தவில்லை என்றேன், அது உண்மை. “இன்னும் நாள் இருக்கு. அவ வர்றதுக்குள்ள பிடிச்சிடும்” என்றாள். பணம் வாங்க மறுத்துவிட்டாள். நான் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன், கொம்போரி மலைப்பாதையில் ஒரே மூடுபனி, ஒரு மாட்டு மந்தை வேறு, வழி முழுக்க அந்த மடையன் என்ற வார்த்தை காதிலேயே இருந்தது.

லமாரா சொன்னது சரி. வெளிநாட்டில் இருந்து இருந்து உனக்கு நம் ஊர் விருந்து மேஜை மறந்துவிட்டது. உன் அம்மா ஆட்டுக்குட்டி சமைத்து வைத்திருப்பாள், அந்தப் பல் டாக்டர் எழுந்து நின்று கோப்பையைத் தூக்கி நிதானமாகப் பேசுவார், நீ அதற்குள் கடிகாரத்தைப் பார்த்தால் அந்த வீட்டுக்கே அவமானம். நான் அவள் பக்கம் பேசவில்லை, மேஜையின் பக்கம் பேசுகிறேன். அதனால் திட்டத்தை மாற்றிவிட்டேன். சிக்னாகி உனக்கு ரத்து. காலையில் நேராகத் தெலாவி, உன்னைச் சந்தையின் முன் வாசலில் இறக்கிவிடுவேன், முன் வாசலில். நண்பர்களைச் சிக்னாகிக்கும் பிறகு அலவெர்தி தேவாலயத்துக்கும் நான் கூட்டிப் போகிறேன், கே. நோவாக் என் பக்கத்து சீட்டில் உட்காரட்டும். இரவு நீ அங்கேயே தங்கு, எங்களுக்கு அலவெர்தி பக்கத்தில் ஒரு விடுதி பேசிவிட்டேன், அந்த மலைப்பாதையில் இருட்டில் ஓட்டுவதற்கில்லை. மறுநாள் நீ அழைத்த பிறகுதான் வருவேன், அதற்கு முன் ஹார்ன்கூட அடிக்க மாட்டேன். நாலாம் நாள் வெளியூர் போவதையும் அடித்துவிட்டேன், மூன்றாம் நாள் இரவு நம் வீட்டில் இருந்த விருந்தை அன்று இரவுக்குத் தள்ளிவிட்டேன், சியாலாவிடம் சொன்னபோது மாவைப் பார்த்துச் சிரித்தாள். உனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் போன் நம்பர் கொடுத்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

வந்தால் நாலு நாளும் என்னோடு இருப்பாய் என்று நினைத்திருந்தேன். மூன்று கிடைக்கிறது, போதும். ஆனால் அடுத்த முறை எங்கே போவதானாலும் அந்த ஊரின் பெயரைப் போட்டு, ஆளின் பெயரையும் போட்டு அனுப்பு. மறைத்ததுதான் எனக்கு வலித்தது, போவது இல்லை. சரி, போவதும் கொஞ்சம்.

மழைக்கோட்டு எடுத்துவா, மே மாதத்தை நம்பாதே. நல்ல ஷூ போடு. இருமலுக்கு மருந்து குடி. புனித கியோர்கி உன் வழிக்கெல்லாம் துணையிருக்கட்டும், நீ ஏறுகிற விமானம் மெதுவாக இறங்கட்டும், உன் கை எப்போதும் சூடாக இருக்கட்டும். நான் சந்தை வரை போனதை அம்மாவிடம் சொல்லாதே. லமாரா இந்நேரம் சொல்லியிருப்பாள், இருந்தாலும் நீ சொல்லாதே. அந்தப் பாலாடைக்கட்டியில் உப்பு பிடித்ததா என்று மட்டும் எனக்கு வந்து சொல்.

உன் வரவுக்கு வேனைக் கழுவிக்கொண்டிருக்கும்
அப்பா மல்காஸ்